பாலத்தில் வண்டியை நகர்த்திய வெர்னா

வெர்னா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒல்மான் வாயிலிருந்து, வசவோடு சேர்த்து. ஒல்மான் என் ஓரகத்தி எதெல்வினாவின் அக்கா மகன். சிவப்பு பிக்கப் வண்டியில் கோழித்தீவனம் ஏற்றிப் போகிறவன். அவன் அப்பா வண்டி ஓட்டியும் நான் பார்த்திருக்கிறேன், தாத்தா மாட்டு வண்டி ஓட்டியும் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பத்தில் யாரும் முன்னால் பார்த்து ஓட்டியதில்லை.

அன்று என் கடைக்கு வந்தவன் பன்றித்தோல் வறுவலைக்கூடக் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றி மேசையில் அடித்தான்.

"யாரு பெரியம்மா அந்த வெர்னா?"

"எந்த வெர்னா?"

"மலைமேல புதுசா குடிவந்த வெள்ளைக்காரி. பாலத்துக்கு முன்னாடி வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருக்கா. எதுத்தாப்புல வண்டி வருதாம், வழி விடுறாளாம்! பின்னாடி நின்ன அத்தன பேரும் ஹார்ன் அடிச்சோம். என்ன செஞ்சாங்கற? இறங்கி வந்து ஒவ்வொருத்தன் கையையும் பிடிச்சுக் குலுக்கி, என் பேரு வெர்னான்னு சொல்லிட்டுப் போறா!"

எங்கள் இகெரோன் பாலம் ஒரே ஒரு வண்டி அகலம். மலைப் பக்கத்து முனையில் 'வழி விடு' என்று ஒரு பலகை உண்டு. அதன் கம்பத்தில் குதிரை கட்டுவார்கள். எழுத்தை யாரும் படிப்பதில்லை. முன்னால் போகிற வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டே போய்விட வேண்டும், அதுதான் வழக்கம். கொஞ்சம் இடைவெளி விட்டால் எதிர்ப்பக்கத்தவன் புகுந்துவிடுவான். அவன் வாலை இன்னொருவன் பிடிப்பான். பெரிய நெடுஞ்சாலையில் மண் சரிந்தால், அதாவது மழைக்காலம் முழுக்க, துறைமுகத்து லாரிகளும் இந்த வழியாகத்தான் வரும். பாலத்தின் மலைப் பக்க முனையில்தான் என் கடை. வறுவல், மரவள்ளிக்கிழங்கு, வெல்லத் தண்ணீர். சாலை அடைத்துக்கொண்டால் ஊருக்குக் கஷ்டம். எனக்கு இன்னொரு சட்டி எண்ணெய் வைக்க வேண்டிவரும்.

வெர்னா கனடாக்காரி. அங்கே அவள் பார்த்த வேலை, வண்டி ஓட்டப் பழகினவர்களுக்குத் தேர்வு வைத்து உரிமம் கொடுப்பது. கணவன் எல்மரோடு குளிருக்குப் பயந்து கோஸ்டா ரிகாவுக்கு வந்தாள். வந்த இரண்டாம் வருடம் எல்மர் போய்விட்டார். சாலையில் இல்லை, தூக்கத்தில். அந்த மலைமேல் அது ஓர் அதிசயச் சாவு. எங்கள் ஊர்க் கல்லறையில்தான் இருக்கிறார், என் கொழுந்தனுக்குப் பக்கத்தில்.

மலைமேல் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. புதன்கிழமை தோறும் கூடி, இந்த நாட்டுச் சாலைகள் எவ்வளவு ஆபத்து என்று பேசுவார்கள். ஆளுக்கு ஒரு பெரிய வண்டியில் வருவார்கள். அதனால் புதன்கிழமை காலையில் மலைச்சாலையில் கோழிகூடக் கடக்க முடியாது.

பாலத்துக்கு முன்னால் தாரில் மஞ்சள் இதயங்கள் வரைந்திருக்கும். அங்கே அடிபட்டுச் செத்தவர்களுக்கு ஆளுக்கொன்று. வரிசையில் இரண்டாவது, என் சின்ன மாமனாரின் மகன் ரொஹெலியோ. வெர்னா வந்த புதிதில் அவற்றைப் படம் எடுத்து, 'இங்கே மக்கள் சாலையில்கூட அன்பை வரைகிறார்கள்' என்று மகனுக்கு அனுப்பினாளாம். சங்கத்தில் யாரோ விஷயத்தைச் சொன்னதும், அடுத்த நாளே வண்டியை ரொஹெலியோ மேல் ஏற்றாமல் வளைத்து ஓட்டப்போய், ஓரச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கிவிட்டாள். எங்கள் சாக்கடை ஒரு கன்றுக்குட்டி படுக்கிற ஆழம்.

அந்தச் செய்தி கனடாவில் இருந்த மகன் கென்ட் காதுக்குப் போயிற்று. அவன் தொலைபேசியில் ஒன்றே ஒன்று சொன்னான்: இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் நானே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவேன், வீட்டை விற்றுவிடுவேன். வீடு அவன் பெயரில் இருந்தது. எல்மர் செய்துவைத்துவிட்டுப் போன புத்திசாலித்தனம்.

பெரிய பெண்களை மரியாதையாக அழைக்கிற 'டோன்யா' போட்டே நான் அவளிடம் ஒருநாள் கேட்டேன். "போயிடலாமே டோன்யா வெர்னா. மகனோட இருக்கலாமில்ல?"

அப்போது அவள் பேசும் எங்கள் மொழி பாடப்புத்தகத்திலிருந்து இறங்கி நேராக வந்ததுபோல இருக்கும். "அங்கே ஆறு மாதம் பனி பொழிகிறது, அம்மையாரே. கதவைத் திறந்தால் எவரும் இல்லை. இங்கே நான் வெளியே வரும்போதெல்லாம் எவரேனும் ஒருவர் என்னைத் திட்டுகிறார்."

அந்த ஏக்கம் எனக்குப் புரிந்தது. திட்ட ஆளில்லாத ஊரில் எப்படி இருப்பது?

பிறகு அந்த முட்டல் நடந்தது. வெர்னா வழக்கம்போல் பலகைக்கு முன்னால் நின்று வழி விட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வண்டி வரிசை சர்ச் வரைக்கும். எதிரே ஒல்மான் பாலத்தைத் தாண்டி வேகமாக வந்தான். பாலம் முடிந்து திரும்புகிற இடத்தில் என் கடைப் பக்கம் பார்த்து, "பெரியம்மா, வறுவல் எடுத்து வையி!" என்று கத்தினான். கத்திக்கொண்டே நின்றிருந்தவள் மேல் போய் முட்டினான். அவள் விளக்கு உடைந்தது. அவன் முன்பக்கம் நசுங்கியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் நாட்டில் பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூட ஒன்று தெரியும். வண்டியும் வண்டியும் முட்டினால் தொடக் கூடாது. போக்குவரத்து அதிகாரி வர வேண்டும், காப்பீட்டு ஆய்வாளர் வர வேண்டும், நாடாவால் அளக்க வேண்டும். அதுவரை ஊரே நின்றாலும் வண்டி முட்டின இடத்திலேயே நிற்கும். நகர்த்தினவர் தலையில்தான் குற்றம் விழும். அதனால் எல்லாரும் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார்கள். நான் இன்னொரு சட்டி வைத்தேன்.

அப்போது வரிசையின் கடைசியில் ஆம்புலன்ஸ் ஒன்று ஊளையிட்டது.

வெர்னா காதைத் தீட்டிக் கேட்டாள். யாரும் தடுப்பதற்குள் உள்ளே ஏறி, வண்டியைப் பின்னால் எடுத்து, என் கடைக்குப் பக்கத்துப் புல்லில் ஒதுக்கிவிட்டாள். கூட்டத்தில் ஒருவன் "ஐயோ!" என்றான். விபத்து நடந்தபோதுகூட யாரும் அப்படிக் கத்தவில்லை. ஒல்மான் முகம் மட்டும் மெல்ல மெல்ல மலர்ந்தது. அவனும் வண்டியை எடுத்து ஓரம் கட்டினான். ஆம்புலன்ஸ் கடந்து போயிற்று. உள்ளே நோயாளி யாரும் இல்லை. ஓட்டுநர் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார், கையைக்கூட ஆட்டிவிட்டுப் போனார்.

அதிகாரி வந்தார். "வண்டி எங்க நின்னுச்சு?"

"அதோ, அங்கே நின்றது ஐயா. நான் நகர்த்தினேன்."

"நகர்த்துனீங்களா?"

"ஆம். பின்னால் ஓர் உயிர் இருந்தது."

அதிகாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நின்றிருந்த அத்தனை பேரும் திடீரென்று ஆற்றில் மீன் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். ஒல்மான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "பாலத்துக்குள்ள நான் வந்துக்கிட்டிருந்தேன் சார், அந்தம்மாதான் குறுக்க பாஞ்சாங்க" என்றான்.

நான் சட்டியைவிட்டு எழுந்தேன். "பாயறாளா? மூணு வருஷமா அவ வண்டி நிக்கறதத்தான் பாக்குறோம். இவன்தான் வந்து முட்டுனான்."

"நீங்க பாத்தது இருக்கட்டும் டோன்யா நிடியா," என்றார் அதிகாரி. "சக்கரம் நின்ன இடம் சொல்றதுதான் சாட்சி. சக்கரம் இப்ப புல்லுல நிக்குது."

குற்றம் அவள் மேல் விழுந்தது. கொஞ்ச காலத்துக்கு உரிமத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஊருக்கே உரிமம் கொடுத்த கைக்கு உரிமம் இல்லை. ஒல்மான் என் மேல் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் பேசவில்லை. சாப்பிட மட்டும் வந்தான்.

வெர்னா நடக்க ஆரம்பித்தாள். எங்கள் சாலையில் நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் பேருந்து, மறுபக்கம் சாக்கடை, நடுவில் ஒரு செருப்பு அகலம். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அந்த அகலத்தில் தினமும் இறங்கி வருவாள். என் கடையில் உட்கார்ந்து கிழங்கு உரிப்பாள். வண்டிக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். "இதன் பொருள் என்ன?" என்று கேட்பாள். நான் சொல்வேன். சிவந்துபோவாள். மறுநாள் அதையே சரியான இடத்தில் உபயோகிப்பாள்.

விஷயத்தை மகனிடம் மறைத்துப் பார்த்தாள். சங்கத்தில் இருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? புதன்கிழமைக் கூட்டத்தில் பேசியதை எவளோ எழுதி அனுப்பிவிட்டாள். கென்ட் வருகிறேன் என்று சொல்லிவிட்டான், திரும்பிப் போக இரண்டு டிக்கெட்டோடு.

"அவனே வண்டி எடுத்து ஓட்டி வர்றானாம்," என்றாள் வெர்னா. கிழங்குத் தோலைத் தரையில் போட்டாள், முன்பெல்லாம் போடமாட்டாள். "பாலத்துக்கிட்ட நில்லு, நான் வழி காட்டுறேன்னு சொல்லியிருக்கேன். வீட்டுக்கு விலாசம் சொன்னா அவனுக்குப் புரியல. மின்னல் விழுந்த மாமரத்துல இருந்து மேலன்னா, தெரு எண் என்னன்னு கேக்குறான்."

அவன் வந்த அன்று அவள் காலையிலிருந்தே என் கடையில் நின்றாள். ஊர்ப் பக்கமிருந்து வெள்ளை வாடகை வண்டி பாலத்தில் ஏறியது. அந்தப் பக்கத்துக்குப் பலகை கிடையாது, அவனுக்குத்தான் முன்னுரிமை. பாலத்தில் முக்கால்வாசி வந்துவிட்டான். மலைப் பக்கமிருந்து முன்னால் போன பேருந்தின் வாலைத் தவறவிட்ட ஒரு சிவப்பு பிக்கப், வால் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு பாலத்தில் புகுந்தது. நேராக வெள்ளை வண்டியின் மூக்கில் முட்டியது. யார் என்று சொல்லவும் வேண்டுமா?

கென்ட் இறங்கினான். நல்ல உயரம், எல்மர் சாயல். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அவன் பின்னால் வரிசை வளர்ந்தது. வரிசையில் மூன்றாவதாகச் சவ வண்டி. உள்ளே தையற்காரர் எவாரிஸ்டோ, என் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. அவருக்குப் பின்னால் சொந்தபந்தமெல்லாம் மூன்று பேருந்தில்.

ஒல்மான் பேச்சில் அன்றைக்குத் தேன் ஒழுகியது. "பரவால்ல தம்பி, விடுங்க. சின்ன அடிதான். பாருங்க, சாவு வண்டி நிக்குது, பாவம். நீங்க கொஞ்சம் பின்னால எடுங்க, நானும் எடுத்துடறேன்." கையால் சைகையும் காட்டினான்.

கென்ட் சவ வண்டியைத் திரும்பிப் பார்த்தான். பையன் நல்லவன், நன்றாக வளர்த்திருக்கிறாள். தலையை ஆட்டிவிட்டு வண்டிக் கதவைத் திறந்தான்.

"தொடாத!"

ஆற்றிலிருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. வெர்னா மழைக்கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாலத்தில் ஓடினாள். மகனைத் தள்ளிக் கதவைச் சாத்தினாள். இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்றாள்.

"எவனாவது சக்கரத்த ஒரு விரக்கடை நகத்துனீங்க, கைய ஒடிச்சிருவேன்! அதிகாரி வரட்டும்! ஆய்வாளர் வரட்டும்! டேய் ஒல்மான், கால எடுடா பெடல்ல இருந்து!"

"டோன்யா, சாவு வண்டி..."

"செத்தவருக்கு என்னடா அவசரம்?"

ஒல்மான் என்னைப் பார்த்தான். "பெரியம்மா, நீயாவது சொல்லேன்."

"எனக்கு எண்ணெய் காயுது," என்றேன்.

எவாரிஸ்டோவின் மனைவி பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்தாள். எல்லாரும் பயந்தோம். அவள் வெர்னாவை மேலும் கீழும் பார்த்தாள். "அவ சொல்றது நெசந்தானே? உசுரோட இருந்தப்பவே இந்த மனுஷன் எங்கயும் நேரத்துக்குப் போனதில்ல. எம் பொண்ணு கல்யாணத்துக்கே சட்டைய மறுநாள் தச்சுக் குடுத்தாரு." அப்படியே என் கடைப் பக்கம் திரும்பி, "கிழங்கு வெந்துருச்சா நிடியா?" என்றாள். துக்கத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் சாப்பிட்டார்கள்.

வெர்னா என் முக்காலியை வாங்கிப்போய் வண்டிகளுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தாள். மழை தூறியது, குடை விரித்தாள். அம்மாவும் மகனும் அவர்கள் மொழியில் பேசிக்கொண்டதை அவள் பிறகு எனக்குச் சொன்னாள்.

"அம்மா, ஒரு ஊரையே மறிச்சு வெச்சிருக்க. பிணத்த மறிச்சு வெச்சிருக்க. உனக்கு வெக்கமா இல்ல?"

"போன தடவ வெக்கப்பட்டேன். லைசென்ஸ் போச்சு."

"இப்படிப்பட்ட இடத்துலதான் இருக்கப் போறியா?"

"வேற எங்கடா என்னை நம்பி இத்தன பேர் நிப்பாங்க?"

நம்பி நின்றார்களா, வேறு வழியில்லாமல் நின்றார்களா என்று நான் அவளைக் கேட்கவில்லை.

அதிகாரி வந்தார், ஆய்வாளர் வந்தார், நாடா பிடித்தார்கள். வெள்ளை வண்டி பாலத்தில் முக்கால்வாசி வந்திருந்தது. பிக்கப் அப்போதுதான் நுழைந்திருந்தது. குற்றம் முழுக்க ஒல்மான் மேல். எவாரிஸ்டோவைப் புதைக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பாதிரியார் மூன்று தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கென்ட் அதற்குப் பிறகு எங்கள் நாட்டில் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. சாலையைக் கடக்கவே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். கூட்டிப் போகிற பேச்சை இரண்டு நாள் பேசினான், குரல் இறங்கிக்கொண்டே வந்தது, மூன்றாம் நாள் நிறுத்திவிட்டான். உரிமம் திரும்பி வந்ததும் வெர்னாவே அவனை விமான நிலையத்துக்கு ஓட்டிப் போனாள். என் கடையைக் கடந்தபோது பார்த்தேன். பலகைக்கு முன்னால் நிற்கவில்லை. ஒரு லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் ஏறினாள். எதிரே நின்றவன் ஹார்ன் அடித்தான். கண்ணாடியை இறக்கி அவன் தாயாரைப் பற்றி ஏதோ சொன்னாள், சுத்தமான உச்சரிப்பில். பக்கத்தில் மகன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது டிக்கெட் வீணாயிற்று. அடுத்த கிறிஸ்துமஸுக்கு வீட்டை அவள் பெயருக்கே மாற்றி அனுப்பினான். சங்கத்திலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள், சாலையில் பொறுப்பில்லாமல் ஓட்டுகிறாள் என்று.

வெர்னா இப்போது மலைமேல் அதே வீட்டில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை சந்தைக்குத் தானே வண்டி ஓட்டிப் போகிறாள்.