ஐந்தாம் நம்பர் இன்னும் ஈரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை பை வரவில்லை. வராத ஒரு துணிப்பைக்காக ஒரு பெண்பிள்ளை இவ்வளவு ஆத்திரப்படுவாளா என்று கேட்காதீர்கள். அது என்ன பை என்று தெரிந்தால் நீங்களும் படுவீர்கள்.

பேருந்துப் பணிமனையின் பெண்கள் கால்பந்து அணியில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் எல்லோருடைய ஜெர்சியும் ஒரே பெரிய பைக்குள் போகும். வியர்வை, சேறு, புல் கறை எல்லாம் ஊறிக் கிடக்கும் அந்தப் பையைத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டியதுதான். அதை ஒவ்வொரு வாரமும் ஒருத்தி வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்து, காயவைத்து, மடித்துக் கொண்டுவர வேண்டும். ஜெர்சி நம்பர் வரிசையில் முறை வரும். யாருக்குத்தான் பிடிக்கும், சொல்லுங்கள்? முறை வந்தவளின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். "எங்க வீட்ல தண்ணி வரல", "கொடி அறுந்துபோச்சு", "விருந்தாளி வந்திருக்காங்க" என்று வாய்க்கு வந்த சாக்கெல்லாம் கிளம்பும். ஒரு சாக்கும் இதுவரை எடுபட்டதில்லை. எல்லோரையும்விட அதிகமாகவும் சத்தமாகவும் சாக்குச் சொன்னவள் ஐந்தாம் நம்பர்க்காரி பிரேக் அக்காதான்.

அவளுக்கு வேலை பஸ் ஓட்டுவது. ஆட்டத்தில் இடம் கோல் கம்பத்துக்கு முன்னால், தடுப்பாட்டம். எதிரணிக்காரி எவ்வளவு வேகமாகப் பறந்து வந்தாலும் இவளிடம் வந்ததும் நின்றுவிடுவாள். அதைப் பார்த்து யாரோ 'ஹேண்ட்பிரேக்' என்று வைத்த பெயர் நாளடைவில் தேய்ந்து 'பிரேக்' ஆகிவிட்டது. கட்டிய கணவரே நாலு பேர் முன்னால் அப்படித்தான் கூப்பிடுவார். நாற்பதை எட்டிப் பார்க்கும் வயது. கோபம் மூக்குக்கு மேல் குடியிருக்கும்.

போன வருஷம் அரையிறுதி ஆட்டத்தில் எகிறி விழுந்தபோது இடது முழங்காலில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. கேட்காத மாதிரி எழுந்து மிச்ச ஆட்டத்தையும் ஆடினாள். அதோடு விட்டாளா? மாலை ஷிப்டுக்குப் போய் வண்டியையும் எடுத்தாள். நகரம் முழுக்க கிளட்ச் மிதித்துவிட்டு இறங்கும்போது காலை ஊன்ற முடியவில்லை. அதே வண்டியின் கண்டக்டர்தான் தோளில் சாய்த்துக் கூட்டிப்போனாள். முழங்காலுக்குள் தசைநார் அறுந்திருந்தது. "கொஞ்சமா கிழிஞ்சதை நீங்களே மிதிச்சு மிதிச்சு முழுசா அறுத்துக்கிட்டீங்கம்மா. பஸ்ல இருந்தவங்க உயிரையாவது நினைச்சீங்களா?" என்று டாக்டர் வெளுத்து வாங்கினார். அந்த ஒரு திட்டுக்கு மட்டும் அவள் வாயே திறக்கவில்லை. ஏனென்றால் அதில் நியாயம் இருந்தது.

அறுவை முடிந்து, ஊன்றுகோல் போய், இப்போது விசாரணைக் கவுண்டரில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். அடுத்த வண்டி எப்போது, அடுத்த வண்டி எப்போது என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வண்டியை ஓட்டியவளுக்கு வண்டி எப்போது வரும் என்று சொல்லும் வேலை! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த அணிப் பட்டியலில் அவள் பெயர் இன்னும் இருந்தது. பக்கத்தில் 'காயம், திரும்பலாம்' என்று எழுதியிருந்தது. அந்தத் 'திரும்பலாம்' என்ற ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டுத்தான் தினமும் கவுண்டருக்குப் போவாள்.

எழுதியவர் பயிற்சியாளர். பணிமனையின் டைம்கீப்பர் அவர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று முகத்துக்கு நேரே சொல்லி டிரைவர்களின் வயிற்றெரிச்சலை வாங்கிக்கொள்வார். அதே மனுஷனிடம் அணியைப் பற்றிக் கேட்டால் "பார்க்கலாம்மா" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வராது. உனக்கு இனிமேல் இடமில்லை என்று இந்நாள்வரை யாரிடமும் அவர் சொன்னதில்லை. பை நின்றுவிடும், அவ்வளவுதான். முன்பிருந்த கோல்கீப்பர் அப்படித்தான் தெரிந்துகொண்டாள். அவள் முறை வந்தது, பை அவளைத் தாண்டிப் போயிற்று. இரண்டு வாரம் பார்த்துவிட்டு பூட்ஸைப் பரணில் போட்டுவிட்டாள்.

ஆடாத இத்தனை மாதமும் பிரேக் அக்கா வீட்டுக்குப் பை முறை தவறாமல் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கும் தொட்டியைக் கழுவி, கொடியை இழுத்துக் கட்டி, தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அண்ணி, பொண்ணு பார்க்க வர்ற மாதிரி வாசலையே பார்த்துக்கிட்டிருக்கீங்க?" என்றாள் நாத்தனார்.

"உன் வேலையைப் பாரு."

பால்கனிக்குப் போனாள். தெருவுக்கு எதிர்ப்பக்கக் கட்டடத்தில் மூன்றாவது மாடி, ஆறாம் நம்பர்க்காரியின் வீடு. அணிக்குத் தலைவி அவள். பிரேக் அக்காவின் வண்டியில் கண்டக்டரும் அவளேதான். அவளுடைய பால்கனிக் கொடியில் அத்தனை ஜெர்சியும் தொங்கின. நடுவில் ஐந்தாம் நம்பர். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. போடாத ஜெர்சி பணிமனை அலமாரியை விட்டு வெளியே வராது. அது துவைக்கப்பட்டிருக்கிறதென்றால் யாரோ போட்டு ஆடியிருக்கிறார்கள். பிரேக் அக்கா அடுத்த நொடி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்தக் கட்டடத்து லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. பிரேக் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக்; அவர்தான் இதோ பார்க்கிறேன், அதோ பார்க்கிறேன் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். அவரை மனதாரத் திட்டிக்கொண்டே கைப்பிடியைப் பிடித்து மூன்று மாடியும் ஏறினாள். கதவைத் திறந்த தலைவி பேயைக் கண்டதுபோல் நின்றாள்.

"அக்கா! இந்தக் காலோட எப்படி ஏறி வந்தீங்க?"

"காலால்தான். பை எங்கடி?"

"அது வந்து... பக்கெட் தூக்கணும், குனிஞ்சு நிமிரணும். உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு..."

"இத்தனை மாசமா இல்லாத சிரமம் இன்னிக்கு எங்கேர்ந்து வந்துச்சு? பூசி மெழுகாதே. அஞ்சாம் நம்பரை யார் போட்டா?"

தலைவி தரையைப் பார்த்தாள். "புதுசா டிரெயினிங்ல வந்திருக்கிற டிரைவர் பொண்ணு. நல்லா ஆடுறாக்கா. சார்தான் குடுக்கச் சொன்னாரு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நான் ரெண்டு நாளாச் சரியாத் தூங்கலை."

"வாயத் திறந்து சொல்லணும். ஒரே வண்டியில இத்தனை வருஷம் ஓடினோமே, நீ சொல்லியிருந்தா நான் உன்னைக் கடிச்சா தின்னிருப்பேன்?"

"தின்னிருப்பீங்கக்கா" என்றாள் தலைவி. பிரேக் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கோபம் கெட்டுவிடும் என்று விறுவிறுவென்று பால்கனிக்குப் போய், ஈரத்தோடு அத்தனையையும் உருவிப் பைக்குள் திணித்தாள்.

"அக்கா, துவைச்சாச்சுக்கா!"

"இதுக்குப் பேர் துவைக்கிறதா? காலர்ல பாரு அழுக்கை. என் முறை, நான் துவைக்கிறேன்."

வீட்டில் மறுபடியும் எல்லாவற்றையும் ஊறவைத்துக் கும்மினாள். ஐந்தாம் நம்பர் கைக்கு வந்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதாள். பயமாகவும் இருந்தது. முழங்கால் வலித்தால் தாங்கலாம். ஆனால் இந்த வருஷம் விட்டுப்போனால் இந்த வயதில் அடுத்த வருஷம் யார் கூப்பிடப்போகிறார்கள்? கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிழிந்து கொடுத்தார்.

"போதும்மா, விட்டுடேன். ஆடின வரைக்கும் நல்லா ஆடிட்டே" என்றார்.

"நீங்க முதல்ல அந்த லிஃப்டைச் சரி பண்ணுங்க" என்றாள் அவள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

மறுநாள் காலை டைம்கீப்பர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். அவர் வண்டி வரும் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், நான் டீம்ல இருக்கேனா, இல்லையா?"

"பார்க்கலாம்மா."

"அந்த ஒரு வார்த்தை மட்டும் வேண்டாம். அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. பையை அனுப்பாம இருந்து எனக்குத் தெரியவைக்காதீங்க. உண்டுன்னா உண்டுன்னு சொல்லுங்க, இல்லேன்னா இல்லேன்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க. முழங்காலுக்குள்ள ஓட்டை போட்டப்பவே நான் கத்தலை. இதுக்கா கத்தப்போறேன்?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தார். கால்பந்துச் சங்கத்தின் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாள் இந்த வாரம். பதினாறு பேருக்குத்தான் இடம். ஓடலாம், ஆனால் இந்த ஆட்டப் பருவத்தின் பாதி வரைக்கும் ஆள்மேல் ஆள் மோதும் ஆட்டம் கூடாது என்று பிசியோதெரபி செய்கிற பெண் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஆட முடியாத ஒருத்தியை வைத்துக்கொண்டால் ஆடக்கூடிய ஒருத்தி வெளியே நிற்க வேண்டும்.

"அதனால..." என்று இழுத்தார். அவள் விடாமல் முகத்தையே பார்த்தாள். அவர் கண் கலங்கிவிட்டது. "அதனால உன் பேர் இல்லம்மா. இந்தப் பட்டியல்ல உன் பேர் இல்ல."

பிரேக் அக்காவுக்கு அது கேட்டு வாங்கிய பதில்தான், ஆனாலும் வலித்தது. "நன்றி சார். இவ்வளவு காலத்துல இப்பத்தான் ஒரு பதில் சொல்லியிருக்கீங்க" என்றாள். கதவருகே போய்த் திரும்பினாள். "பாதியில ஒரு ஆள் சேர்க்கலாம் இல்ல?"

"சேர்க்கலாம்."

"அப்ப வர்றேன்."

"திரும்பிடுவியாம்மா?"

"நீங்கதானே பலகையில எழுதியிருக்கீங்க, திரும்பலாம்னு? இப்ப என்னைக் கேட்டா?"

அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் பையை அவளே கொண்டுவந்து இறக்கினாள். எல்லா ஜெர்சியும் இஸ்திரி போட்டு மடித்திருந்தன, ஒன்றைத் தவிர. "அக்கா, அஞ்சு எங்க?" என்று தலைவி தேடினாள்.

"இன்னும் ஈரமா இருக்கு" என்றாள் பிரேக் அக்கா, கண்ணை இமைக்காமல்.

புதுப்பெண்ணுக்குப் பதினேழாம் நம்பர் கொடுத்து ஆடவைத்தார்கள். அடுத்த வாரம் கேட்டார்கள்; ஈரம். அதற்கடுத்த வாரம் வெயில் மண்டையைப் பிளந்தது, அப்போதும் ஈரம். கடைசியில் புதுப்பெண்ணே நேரில் வந்து, "ஏன்க்கா, உங்க வீட்ல வெயிலே வராதா?" என்று கேட்டாள்.

"வராதும்மா. வடக்குப் பார்த்த வீடு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

ஜெர்சியோ நன்றாகக் காய்ந்து பிசியோவுக்கு எடுத்துப்போகும் பைக்குள் கிடந்தது. கால் மடங்காமல் முரண்டுபிடித்த நாட்களில் அதை உருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு அமுக்கினாள். கவுண்டர் வேலை முடிந்ததும் கழுவி நிறுத்திய பஸ்களுக்கு நடுவில் ஓடினாள். ஓடாத பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து சும்மாவே கிளட்சை மிதித்துப் பழகினாள். "அண்ணி, அந்த வண்டி நகராது" என்று சாப்பாடு கொண்டுவந்த நாத்தனார் கேலி செய்தாள். "நகரும், இரு" என்றாள் இவள். வலித்த நாளில் வலிக்கிறது என்றே பிசியோவிடம் சொன்னாள். மறைத்து ஒருமுறை பட்டது போதும்.

பருவம் பாதியைத் தொட்டது. பிசியோ சரி என்று கையெழுத்துப் போட்டாள். டைம்கீப்பர் விசாரணைக் கவுண்டருக்கு வந்து, வரிசையில் நின்று, கண்ணாடிக்கு வெளியிலிருந்து சொன்னார்: "பேர் சேர்த்தாச்சு. பெஞ்சுல உட்காரணும்."

"ஆட விடுவீங்களா?"

"பார்க்க..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "விடுவேன்மா."

அந்த ஆட்டத்தன்று மைதானம் மழையில் ஊறிக் குழைந்து கிடந்தது. முடியக் கொஞ்ச நேரம் இருக்கையில் டைம்கீப்பர் கையைக் காட்டினார். ஐந்தாம் நம்பர் உள்ளே போயிற்று. அவள் எதிரில் முதலில் வந்தவள் ஒரே திருப்பில் தாண்டிப் போய்விட்டாள். இவள் சேற்றில் குப்புற விழுந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அவள் பந்தைப் பார்க்கவில்லை, முழங்காலைத்தான் பார்த்தாள். மடக்கினாள், நீட்டினாள். "என்னடி எல்லாரும் எழவு வீட்ல நிக்கற மாதிரி பார்க்கறீங்க? ஆட்டத்தைப் பாருங்க!" என்று கத்திக்கொண்டே எழுந்தாள். நல்லவேளை, பின்னால் நின்ற பதினேழாம் நம்பர் பந்தைத் தட்டிவிட்டிருந்தாள். மறுபடியும் அதே எதிராளி வந்தாள், அதே திருப்பைப் போட்டாள். இந்த முறை பந்து பிரேக் அக்காவின் காலடியில் நின்றது. ஆட்டம் சமனில் முடிந்தது.

உடை மாற்றும் அறையில் ஐந்தாம் நம்பரைத் தலைவழியே உருவினாள். சேறும் வியர்வையுமாகக் கனத்தது. இத்தனை மாதம் சொன்ன பொய் இன்றைக்குத்தான் மெய்யாகியிருந்தது. மற்றவர்கள் ஜெர்சிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசைப்படி யார் முறை என்று ஒருத்தியும் கேட்கவில்லை. தலைவி பையின் வாயை இறுக்கிக் கட்டி, இழுத்துவந்து, பிரேக் அக்காவின் காலடியில் தொப்பென்று வைத்தாள்.

பிரேக் அக்கா பையைப் பார்த்தாள், தலைவியைப் பார்த்தாள். செருமிக்கொண்டாள்.

"இந்த வாரமா? ஐயோ, முடியாதுடி! எங்க வீட்ல தண்ணியே வரல!"

"யாருக்கு வருது? பேசாம எடுத்துட்டுப் போங்கக்கா" என்றாள் தலைவி. திட்டிக்கொண்டே பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள் பிரேக் அக்கா. பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவள் திட்டுவது கேட்டுக்கொண்டே இருந்தது.