அளவுப் பிள்ளை

ஆறு வயதில் எனக்கு இரண்டு வேலை இருந்தது. பகலில் ஒன்றாம் வகுப்பு. சாயங்காலம் கவுன் போட்டுக்கொண்டு ஸ்டூல் மேல் நிற்பது.

அம்மா கோவில்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் குழந்தைகள் துணி தைத்து விற்றாள். பிறந்தநாளுக்குக் கவுன், காதுகுத்துக்குப் பட்டுப் பாவாடை, கைக்குழந்தைக்கு ஜபலா. பெரிய கடைகளில் துணி மாட்டிவிடத் தலையில்லாத பொம்மை ஒன்று நிற்குமே, அது வாங்க வசதியில்லை. தலையோடு நான் ஒருத்தன் வீட்டில் சும்மா இருந்தேன். டெய்லரிடம் அளவுச் சட்டை கொடுப்பார்கள் இல்லையா, அதுபோல நான் அளவுப் பிள்ளை.

"நான் ஆம்பளப் பிள்ளைம்மா" என்று அழுது பார்த்தேன்.

"நெஞ்சளவுக்கு ஏதுலே ஆம்பள, பொம்பள? கைய விரி."

எனக்கு அப்போதே கவலைப்படுகிற சுபாவம். தெருவில் டயர் உருட்டுகிற பையன்கள் எட்டிப் பார்த்துவிட்டால்? கதவுக்குக் கொண்டி போட்டிருக்கிறதா என்று கவுனோடு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து ஸ்டூலில் ஏறுவேன். ஏறின பிறகு ஜன்னல் ஞாபகம் வரும். மறுபடி ஓடுவேன். அம்மா குத்தியிருந்த குண்டூசியெல்லாம் வழி நெடுக உதிரும். (பூட்டின பூட்டை இப்போதும் நான் மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவன்தான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டதற்கும் ஒரு கவலைதான் காரணம். அது வேறு கதை.)

இதற்கு முன்னால் அம்மா தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். விடியும்போதே தெருமுனையில் வேன் வந்து நிற்கும். நான் கண் முழிக்கும்போது பாயில் அம்மா இருக்கமாட்டாள். அப்பா மில்லில் இருந்து தலையெல்லாம் பஞ்சோடு வந்து எனக்கு டவுசர் மாட்டிவிடுவார், பெரும்பாலும் முன்பக்கம் பின்னால் போக. தையல் மிஷின் வந்த பிறகுதான் அம்மா வீட்டோடு இருந்தாள். டவுசரும் நேரானது. ஆகவே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் எனக்குத் தைரியம். சத்தம் நின்றால் என்னவோ என்று எட்டிப் பார்ப்பேன்.

ஒருநாள் அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் வீட்டு அக்காவே மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகளுக்கு அடுத்த மாதம் பிறந்தநாள். அடுக்கடுக்காக ஃப்ரில் வைத்துக் கவுன் வேண்டும். அம்மா இஞ்ச் டேப்பை எடுத்ததும் அந்தப் பாப்பா அலறிற்று. பக்கத்தில் போனதும் டேப்பைக் கடித்தது. அம்மா யோசித்துவிட்டு என்னை இழுத்து அதன் பக்கத்தில் நிறுத்தினாள்.

"பாருங்கக்கா, ரெண்டும் ஒரே உசரம், ஒரே உடம்பு. இவன வச்சே தச்சிருதேன்."

அக்காவுக்கும் நிம்மதி. "இது மட்டும் நல்லா அமைஞ்சிட்டுன்னா, எங்க வீட்டுக் காதுகுத்துக்கு அத்தன பொம்பளப் பிள்ளைகளுக்கும் உன்கிட்டதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு அன்றைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துணியை என் மேல் போட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏலே, பாப்பா பொறந்தநாள் முடியுத மட்டும் வளந்து தொலச்சிராதல. இந்த ஆர்டர் போச்சுன்னா அம்மா பழையபடி வேன்லதான் ஏறணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

வளர்வது எதனால் என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. "சாப்பிட்டாத்தாம்லே வளருவ" என்று தட்டும் கையுமாகத் தினமும் சொல்கிறவளே அம்மாதானே. அன்றிலிருந்து பாதிச் சோறு. பாலைக் கண்டால் குமட்டுகிறது என்றேன். பள்ளிக்கூடத்துச் சத்துணவு முட்டையைப் பக்கத்தில் இருந்தவனுக்குக் கொடுத்தேன். அவன் என் கண் முன்னாலேயே வளர்ந்தான். கடலை மிட்டாயை மட்டும் விட முடியவில்லை. அதை நின்றுகொண்டு தின்றால்தான் உயரம் கூடும் என்று நானே முடிவு செய்து, உட்கார்ந்து தின்றேன்.

சுவரில் மான் படம் போட்ட தீப்பெட்டி லேபிள் ஒன்று ஒட்டியிருந்தது. என் உச்சந்தலை மானின் குளம்புக்கு நேராக இருந்தது. தினமும் காலையில் போய் நின்று பார்ப்பேன். குளம்பைத் தாண்டவில்லை என்றால்தான் பல் விளக்குவேன்.

அம்மா திண்டாடிப் போனாள். ஸ்டூலில் ஏற்றினால் "அசையாத, அப்படியே இரு" என்பாள். இறக்கிவிட்டதும் "ஒரு வாய் வாங்கிக்கோ, எந்தங்கம்லா" என்று சாக்பீஸ் ஒட்டின விரலோடு சோற்றை உருட்டிக்கொண்டு துரத்துவாள். இதில் எந்த அம்மா சொல்வதைக் கேட்பது? நான் ஸ்டூல் அம்மா சொன்னதைக் கேட்டேன்.

மிளகாய் சுற்றிப் போட்டாள். பூச்சி மருந்து கொடுத்தாள். கடைசியில் டாக்டர், பசி எடுக்க ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடையில் அதைக் கட்டிக் கொடுத்த அண்ணாச்சி, "இதக் குடிச்சா பனைமரம் கணக்கா வளருவடே" என்று என் கன்னத்தைத் தட்டினார். அதோடு விஷயம் முடிந்தது. வேளாவேளைக்கு வாயில் வாங்கிக்கொண்டு போய் வாசல் முருங்கைக்குத் துப்பினேன். அந்த மாதம் முருங்கை கூரைக்கு மேலே போயிற்று. நல்லவேளை தப்பித்தேன் என்று அதை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தேன்.

நாகலாபுரத்தில் இருந்து அத்தை உளுந்து மூட்டையோடு வந்து இறங்கியது அப்போதுதான். அப்பாவின் அக்கா. என் சட்டையைத் தூக்கி விலா எலும்பைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பினாள்.

"ஏட்டி, நீ ஊர்ப்பட்ட பிள்ளைகளுக்கு ஃப்ரில் வச்சு அழகு பாக்க. ஒன் பிள்ள கொடியில காயப்போட்ட சட்ட மாதிரில்லா நிக்கான்?"

மிஷின் நின்றது. அத்தை பஸ் ஏறிப் போன பிறகு அப்பாவிடம் சொன்னாள்: "தையல் தையல்னு கெடந்து பிள்ளைய விட்டுட்டேன் போல. இந்த ஒரு கவுனக் குடுத்துட்டு மிஷின மூடிப் போட்டுருதேன்."

அப்பா என்னைப் பார்த்தார். ஸ்டூலில் ஊதா நிறக் கவுனில் நின்றுகொண்டிருந்தேன். "மூடு. எம் மவனையாவது திருப்பிக் குடு" என்றார்.

சாப்பிட்டால் வளர்வேன், வளர்ந்தால் ஆர்டர் போகும், அம்மா வேனில் ஏறுவாள். சாப்பிடாவிட்டால் மிஷினை மூடுவாள், அப்போதும் வேன்தானே? இதை யாரிடம் கேட்பது? கொஞ்சமாகச் சாப்பிட்டு நிறையச் சாப்பிட்டதுபோல் ஏப்பம் விட்டுப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை.

பிறந்தநாளுக்கு முந்தின சாயங்காலம் கடைசியாகப் போட்டுப் பார்த்தபோது கவுன் என் மேல் தொளதொளவென்று தொங்கியது. "என் கை அளவு இப்படிப் பிசகாதே" என்று அம்மா தனக்குள்ளே சொல்லிக்கொண்டு இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள். எனக்கு ஒரே பெருமை. ஒரு மாதம் துளியும் வளராமல் காட்டிவிட்டேன்.

மறுநாள் கவுனோடு அம்மாவும் நானும் முதலாளி வீட்டுக்குப் போனோம். பலூன் கட்டி, கேக் வைத்து, ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பாப்பாவுக்குக் கவுனை மாட்டினார்கள். ஜிப் பாதி முதுகில் நின்றுவிட்டது. இழுத்தார்கள். பாப்பா யாரையோ கடித்தது. அந்த மாதம் முழுக்க அது பாலும் முட்டையுமாக ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறது.

"ஏம்மா, இது யாரு அளவு?" என்றார் அக்கா.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். கையில் டேப் இல்லாமல் அப்படிப் பார்த்து வெகு நாளாயிருந்தது. அப்புறம் ஒரு பிளேடும் ஊசிநூலும் கேட்டு வாங்கிக்கொண்டு, கவுனைக் கழற்றச் சொல்லித் தரையில் உட்கார்ந்தாள். பக்கத் தையலைச் சரசரவென்று பிரித்தாள். உள்ளே ஒரு பட்டைத் துணி வெட்டாமல் மடிந்து கிடந்தது. எனக்குப் பகீரென்றது. அளந்து வெட்டுகிற அம்மா மிச்சத் துணியை வெட்ட மறந்திருக்கிறாள்! அந்தத் துணியை இழுத்துவிட்டுக் கையாலேயே தையல் ஓட்டினாள். ஜிப் மேலே ஏறியது. பாப்பா ஒரு சுற்றுச் சுற்றியது. ஃப்ரில் எல்லாம் குடையாக விரிந்தது. அம்மாவின் மறதிதான் எங்களைக் காப்பாற்றியது என்று நினைத்துக்கொண்டேன்.

கேக்கும் கேசரியும் வந்தது. நான் தட்டைத் தொடவில்லை.

"சாப்பிடுலே" என்றாள் அம்மா.

"பொறந்தநாள் முடிஞ்சிட்டாம்மா?"

"ஏன் கேக்க?"

"முடியலன்னா சாப்பிட மாட்டேன். வளந்துருவேன். நீ வேன்ல போயிருவ."

கூடம் முழுக்கச் சிரித்தது. அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. "காதுகுத்துத் துணிக்கு வாரேம்மா. ஆனா பிள்ளைகள நேர்ல அளந்துக்க. இவன விட்டுரு, பாவம்" என்றார். ஆர்டர் வந்துவிட்டது என்று தெரிந்ததும் நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து தரையில் விழுந்த குண்டூசியைத் தேடினாள். தரையில் குண்டூசி எதுவும் இல்லை. நானும் சேர்ந்து தேடினேன்.

பிறகு என் தட்டு, அவள் தட்டு, இரண்டையும் எனக்கே ஊட்டினாள். ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசாமல் என்னை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். என்ன கோபமோ என்று நான் என் டவுசரின் ஓரத்தை நோண்டிக்கொண்டு வந்தேன். அப்போதுதான் விரலுக்குத் தட்டுப்பட்டது. இரண்டு காலிலும் உள்பக்கம் கனமாக, இரண்டு மடிப்பு மடித்துத் துணி விட்டிருந்தது. என் டவுசரிலும் வெட்ட மறந்திருக்கிறாள்.

ஏற்கெனவே அம்மாவுக்கு வருத்தமான நாள். இது வேறு தெரியவேண்டாம் என்று, வீடு வருகிற வரைக்கும் அதைக் கையால் மூடிக்கொண்டு வந்தேன்.