கழுத்தும் பதினோரு மூட்டையும்

உப்பளத்தில் மூட்டை சுமக்கிறவனுக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பதே அது போன பிறகுதான் தெரியும். கழுத்துக்காகவும் முதுகுக்காகவும் கேஸ் போட்டு அலைந்தவர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பலகை

2004 கோடை. மரக்காணம் அளத்தில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தோம். பலகை வழுக்கியது. நான் கீழே, மூட்டை என் பிடரி மேலே. மளுக்கென்று சத்தம் எனக்கே கேட்டது.

தொட்ட லாரியைப் பாதியில் விட்டு யாரும் இறங்கக் கூடாது. அளத்து வழக்கம். இறங்கினால் அடுத்த லாரி வேறு செட்டு ஆட்களுக்குப் போய்விடும். முட்டாள் மாதிரி எழுந்து இன்னும் பதினோரு மூட்டை தூக்கினேன். எங்கள் செட்டு மேஸ்திரி பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

"லோடு முடியட்டும் பெருசு, அப்புறம் படுத்துக்க."

பற்று

நாட்டு வைத்தியர் பச்சிலைப் பற்றுப் போட்டுக் கட்டினார். வைத்தியம் பார்த்ததற்குச் சீட்டு தரவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் வலது கை மரத்துப்போனது. சோறு பிசைந்தால் சூடு தெரியாது. அதற்கப்புறம்தான் பெரியாஸ்பத்திரி. எலும்பு நகர்ந்து நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். மூட்டை விழுந்ததால்தான் என்று எழுதிக் கொடுங்கள் என்றேன்.

"விழுந்ததை நான் பார்த்தேனா? வயசானாலும் இப்படி ஆகும்னுதான் உங்க முதலாளி பக்கம் சொல்வாங்க."

ஒன்பது பேர்

வக்கீல் வைத்து நஷ்டஈடு கேட்டேன். இந்த ஆள் எங்கள் அளத்துக்கு வந்ததே இல்லை என்று முதலாளி பதில் போட்டார். இருபத்திரண்டு வருஷம் சுமந்திருக்கிறேன். அளத்து நோட்டில் 'மேஸ்திரி வகையறா, ஒன்பது பேர்' என்றுதான் இருக்கிறது. எனக்குப் பேரே கிடையாது. சாட்சி சொல்ல வாடா என்று மேஸ்திரியைக் கூப்பிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எனக்கு நாளைக்கும் வேலை வேணும் பெருசு."

டிரைவர்

2006இல் தொழிலாளர் அதிகாரி முன் விசாரணை. முதலாளி பக்கம் புது யோசனை: எனக்கு அடியே படவில்லை என்று காட்ட அன்றைய லாரி டிரைவரைக் கூட்டிவந்தார்கள். அவன் கள்ளமில்லாதவன்.

"இந்தப் பெருசுதாங்க. தொப்புனு விழுந்துச்சு. எழுந்து பதினோரு மூட்டை ஏத்துச்சு, நானே எண்ணுனேன்" என்றான்.

முதலாளியின் வக்கீல் அவசரமாக உட்கார்ந்தார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"அளத்துக்கே வராத ஆளு எப்படிங்க பதினோரு மூட்டை ஏத்துனாரு?"

தீர்ப்பு என் பக்கம். கை இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது.

இருபத்திரண்டு வருஷம் அங்கே உப்பு சுமந்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி, என்னைப் பொய்யன் என்று காட்டக் கூட்டிவரப்பட்டவன்தான்.