செலவில்லாமல் ஒரு மலைச் சைக்கிள்

பின்சில்லை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் பெடலைச் சுழற்றி, செயினுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் வைக்கிறார் இராசநாயகம். காலை ஆறு மணி. தேத்தண்ணி ஆறுகிறது என்று குசினிக்குள்ளிருந்து மனைவி பாலேஸ்வரி இரண்டு தரம் சொல்லிவிட்டாள். சத்தம் போடாதே என்று அவர் கையைக் காட்டுகிறார். கியர்ப் பல்லில் செயின் ஏறி இறங்கும் ஒலியில் அவருக்கு என்னதான் கேட்கிறதோ, முழுதாக நாலு நிமிடம் குந்தியிருக்கிறார். பெற்ற மகள் வினோஜா போன மாதம் ஒரு கிழமை இருமிக்கொண்டு திரிந்தாள். அந்த இருமலுக்கு அவர் இப்படிக் காது கொடுத்ததாக வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை.

வயது அறுபத்தொன்று. முப்பது வருடம் சங்கக்கடை மனேஜராக இருந்து ஊருக்கு அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்தவர். இளைப்பாறியதும் நிறுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் கை அரித்தது. சைக்கிள் சாமான்களை நிறுக்கத் தொடங்கினார். மேசைத் தராசு ஒன்று வைத்திருக்கிறார். அதில் பெடல் ஏறும், சீற் ஏறும், ஒரு தனி நட்டும் ஏறும். பாரம் கூடிய சாமான் என்று கரியரைக் கழற்றினார், மட்காட்டைக் கழற்றினார், ஸ்ராண்டையும் மணியையும் கழற்றினார். மொத்தம் ஒன்றரைக் கிலோ குறைந்தது என்று சந்திக்குச் சந்தி சொல்லித் திரிந்தார். மாரி காலத்தில் அவருடைய முதுகில் இடுப்பிலிருந்து பிடரிவரை ஒரு சேற்றுக்கோடு இருக்கும். முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கும் வயிற்றை மட்டும் அவர் இன்னும் தராசில் வைத்துப் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் அது மலைச் சைக்கிள். இருபத்திநாலு கியர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை எங்கே இருக்கிறது என்று யாரும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. வட்டுக்கோட்டையைச் சுற்றி வயலும் வெளியும்தான். வழுக்கியாற்றுப் பாலத்தின் முதுகுதான் அவருக்குக் கிடைத்த ஒரே ஏற்றம். பாலம் வருவதற்கு நூறு யார் தூரம் முன்னதாகவே கியரை இறக்கி, பல்லைக் கடித்து, ஏறி முடித்ததும் காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்ப்பார். அவருக்குப் பின்னால் வெங்காய மூடையோடு சாதாரணச் சைக்கிளில் வருகிறவன் மூச்சுக்கூட வாங்காமல் அவரைக் கடந்து போவான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தித் தேத்தண்ணிக் கடைதான் அவருடைய சபை. சைக்கிள் வாங்க நினைக்கிறவர்கள் அங்கே வந்து கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் அவர் சொல்லுவார்.

“முதல் பிறேமைப் பார். பிறேம் நல்லதெண்டா மிச்சத்தை ஒவ்வொண்டா மாத்தலாம். பின்னுக்கும் சொக் வைச்ச மலிவுச் சைக்கிளைக் கண்ணாலையும் பாக்காதை. உழக்கிற உழக்கெல்லாம் அந்த ஸ்பிரிங்குக்குத்தான் போகும். புதுசிலை கூடாததை வேண்டிறதிலும் பழசிலை நல்லதை வேண்டு. பேந்து, காசு கிடைக்கக் கிடைக்க முதல் ரயர், பிறகு பெடல், பிறகு பிறேக். கியர் கடைசி. ஆக்கள் கியரைத்தான் முதல் மாத்துவினம், மடையங்கள்.”

சொல்வதெல்லாம் சரி. அதுதான் எரிச்சல். இப்படி ஒரு மனுசனுக்கு ஒரு விசயத்தில் இவ்வளவு சரியான அறிவு கிடைத்திருக்க வேண்டுமா என்று தோன்றும். பேச்சின் கடைசியில் நெஞ்சை நிமிர்த்தி ஒன்று சொல்லுவார்: “என்ரையைப் பாருங்கோ. வேண்டின காசுக்கு மேலை ஒரு சதம் போடேல்லை. எல்லாம் முதல்தரச் சாமான். மூளை வேணும்.”

மூளை என்று அவர் சொன்னது வீட்டின் பின்னறையில் இருந்தது.

பாலேஸ்வரியின் தம்பி ஜெயசுதன் சுவிஸில் இருக்கிறான். உண்மையான மலைகளில் உண்மையாக ஏறி இறங்குகிறவன். ஆறு வருடத்துக்கு முன் வந்தபோது தன்னுடைய நல்ல சைக்கிளைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தான். இரண்டு கிழமை ஓடிவிட்டு, அடுத்த முறைக்கு இருக்கட்டும் என்று பின்னறையில் நிறுத்தி, சீலையால் மூடி, அறையைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனான். “அத்தான், இடைக்கிடை காத்தை மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ” என்றான். இராசநாயகம் காற்றைப் பார்த்தார். பிறகு ரயரைப் பார்த்தார். அடுத்த மாதமே யாழ்ப்பாணம் போய், பழைய யப்பான் சைக்கிள் விற்கும் நளீரிடம் மூன்று சனிக்கிழமை பேரம் பேசி, அதே அளவுச் சில்லுள்ள ஒரு பழைய மலைச் சைக்கிளை வாங்கி வந்தார். வீட்டில் எல்லாரும் அது தற்செயல் என்று நினைத்தார்கள்.

முதலில் மச்சானின் ரயர் இரண்டும் இவருடைய சில்லுக்கு வந்தன. இவருடைய தேய்ந்த ரயர் சீலைக்குக் கீழே போனது. அடுத்த தைப்பொங்கலுக்குப் பெடலும் சீற்றும் இடம் மாறின. பிறகு எண்ணெயில் வேலை செய்யும் பிறேக் இங்கே வந்தது, கம்பி இழுக்கும் பிறேக் அங்கே போனது. சந்தியில் சொன்ன அதே ஒழுங்கு, ஒன்றும் பிசகவில்லை. களவு என்ற சொல் அவருக்குக் கிட்டவும் வரவில்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு அறையிலிருந்து மற்ற இடத்துக்குச் சாமான் போவது எப்படிக் களவாகும்?

முன்சில்லைத் தாங்கும், சொக் பூட்டிய போர்க்கை மாற்றுவது மட்டும் அவருக்குக் கைவரவில்லை. இரண்டு சைக்கிளையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நளீரிடம் போனார். நளீர் கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அண்ணை, நல்லது ஆற்றை?”

“எங்கடைதான். நீர் வேலையைப் பாரும்.”

“கழட்டினதை மற்றதுக்குப் பூட்டுறன். ஆனா அது நிறுத்தி வைக்கிறதுக்குத்தான் சரி. அந்தப் பிறேக்கோடை ஒருத்தரையும் ஓட விட்டிடாதேங்கோ. சொல்லிப்போட்டன்.”

“அது ஓடாது. சும்மாதான் நிக்கும்.”

நளீர் கூலியைக்கூடப் பேரம் பேசாமல் வாங்கி மேசையில் போட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

இதில் பாலேஸ்வரிக்கு இருந்த பயம் வேறு. அவளுடைய சீதன வீடு பலாலிப் பக்கத்தில் இராணுவ முட்கம்பிக்குள் போனது, இன்னும் வெளியே வரவில்லை. இப்போது குடியிருக்கிற வீடு தம்பியுடையது. அவன் எழும்பு என்றால் எழும்ப வேண்டியதுதான். ஆனால் அவன் நல்லவன். இந்த ஆடியில் வந்து வீட்டை மருமகள் வினோஜாவின் பேரில் எழுதுவதாகவும், அக்காவுக்கும் அத்தானுக்கும் சீவிய உரித்து வைப்பதாகவும், அதாவது அவர்கள் இருவரும் உயிரோடு இருக்கும்வரை ஒருவரும் அவர்களை அந்த வீட்டிலிருந்து எழுப்ப முடியாதபடி உறுதிப் பத்திரம் முடிப்பதாகவும் வட்சப்பில் சொல்லியிருந்தான். அன்றைக்குப் பாலேஸ்வரி அழுதாள். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு ஒரு கூரை தன்னுடையது என்று சொல்லக் கிடைப்பது சின்ன விசயமா?

“இஞ்சருங்கோ, அவன் வாறதுக்கு முதல் சாமானுகளை மாத்திப் பூட்டிவிடுங்கோ. உங்களுக்குக் கும்பிடுறன்” என்றாள்.

“ரண்டு கிழமை நிக்கிறவன் சைக்கிளையே தொடுவானோ தெரியாது. போர்க்கைத் திருப்பிக் கழட்டினா திருகுப் புரி பழுதாப் போம். உனக்கு உது விளங்காது.”

கழற்றவில்லை. கழற்ற மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. ஞாயிற்றுக்கிழமைச் சபைக்கு வெறும் கம்பிப் பிறேக்கோடு போய் நிற்க அவரால் முடியாது. ஒரு வீட்டுக்கும் ஒரு சோடி பிறேக்குக்கும் நடுவில் நிறுத்தி, எது வேண்டும் என்று கேட்டால் மற்ற மனுசர் சிரிப்பார்கள். இவர் யோசித்தார்.

ஜெயசுதன் வந்த இரண்டாம் நாளே விடியற்காலையில் சீலையை இழுத்துப் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு காரைநகர்ப் பக்கம் போனான். அரையிருட்டில், அக்கா வீடு என்ற நம்பிக்கையில், அவன் எதையும் தடவிப் பார்க்கவில்லை. ஒன்றரை மணித்தியாலத்தில் உருட்டிக்கொண்டு திரும்பி வந்தான். பொன்னாலைப் பாலத்தில் மாடு ஒன்று குறுக்கே வர, பிறேக்கைப் பிடித்தான், கம்பி அறுந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மாடு. கடலுக்குள் விட்டான். முழங்கால்வரை சேறு, முழங்கையில் தோல் இல்லை, இரத்தம் மணிக்கட்டுவரை வழிந்திருந்தது. முற்றத்தில் நின்று சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த இராசநாயகம் நிமிர்ந்து பார்த்தார். முதலில் பார்த்தது சில்லு வளைந்திருக்கிறதா என்று.

ஜெயசுதன் அவருடைய சைக்கிளுக்குக் கிட்ட வந்தான். குனிந்தான். விரலால் தொட்டுப் பார்த்தான்.

“அத்தான், உது என்ரை போர்க் எல்லோ?”

“ஓம்.”

“பிறேக்கும் என்ரை.”

“தம்பி, உனக்கு இஞ்சத்தை உப்புக்காத்து விளங்காது. பூட்டி வைச்சா எல்லாம் இறுகிப்போம். ஓடவிட்டாத்தான் சாமான் நிக்கும். ஆறு வருசமா நான் பராமரிச்சுக்கொண்டு வாறன். சீலைக்குக் கீழை விட்டிருந்தா இண்டைக்கு ஒண்டும் மிஞ்சியிராது.”

நன்றி சொல்லுவான் என்று எதிர்பார்த்தவர்போல நின்றார். ஜெயசுதன் நிமிர்ந்தான். “வைச்சிருங்கோ அத்தான். எல்லாத்தையும் நீங்களே வைச்சிருங்கோ” என்று சொல்லிவிட்டு, தண்ணீர்க் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினான். அன்று பின்னேரமே சந்தியில் செய்தி போய்ச் சேர்ந்தது: சுவிஸ் மச்சான் தன் சாமானையெல்லாம் இராசநாயகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டானாம்.

அதற்கு முன் மத்தியானமே ஜெயசுதன் படலையடியில் நின்று நொத்தாரிசு உதயகலாவுக்குப் போன் எடுத்தான். உறுதியில் ஒரு பேரை நீக்கச் சொன்னான். பாலேஸ்வரி கேட்டுக்கொண்டு நின்றாள். “அக்கா, உங்களுக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது” என்றான். அவள் புருசனிடம் ஓடினாள்.

“உங்கடை பேரை எடுக்கச் சொல்லிப்போட்டான். போய்ப் பிழை விட்டிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. காணும். அவன் இரங்குவான்.”

“நான் ஏன் சொல்லோணும்? வீணாக் கிடந்த சாமானுக்குச் சீவன் குடுத்தது ஆர்? உவன்ரை கோவம் ரண்டு நாளைக்கு. நீ பேசாமல் இரு.”

பாவம், அவள் பேசாமல் இருந்தாள். முப்பது வருடமாக இருந்த பழக்கம்.

வெள்ளிக்கிழமை சங்கானையில் உதயகலாவின் கந்தோருக்கு மூவரும் ஓட்டோவில் போனார்கள். இராசநாயகம் ஓட்டோவுக்கு முன்னால் சைக்கிளில் போனார். சாட்சிக்கு ஒருவர் குறைகிறது என்று உதயகலா சொல்ல, “அத்தான் வைப்பார்” என்றான் ஜெயசுதன். தன்னை இன்னும் ஒரு ஆளாக மதிக்கிறான் என்று இராசநாயகத்துக்கு உச்சி குளிர்ந்தது. கதிரையை இழுத்து யன்னலுக்கு நேரே போட்டுக்கொண்டார். மதிலில் சாத்தியிருந்த சைக்கிள் அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

உதயகலா உறுதியை நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். வீடும் வளவும் மருமகள் வினோஜாவுக்கு. சீவிய உரித்து சகோதரி பாலேஸ்வரிக்கு. அத்தோடு முற்றுப்புள்ளி. பாலேஸ்வரி புருசனின் முகத்தைப் பார்த்தாள். இப்போதாவது வாயைத் திறக்கமாட்டாரா என்று அவளுக்கு இருந்தது. வினோஜா குனிந்து தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயசுதன்கூடப் பேனையின் மூடியைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். ஒரு சொல் வந்திருந்தால் அவன் அந்தப் பக்கத்தைத் திரும்ப அடிக்கச் சொல்லியிருப்பான் என்று இன்றைக்கும் பாலேஸ்வரி நம்புகிறாள்.

“அய்யா, நீங்கள் சாட்சி மட்டும்தான். உங்கடை பேர் உரித்திலை இல்லை. விளங்கித்தானே கையெழுத்து வைக்கிறியள்?” என்றாள் உதயகலா.

“ஓம் ஓம், கெதியா முடியுங்கோ பிள்ளை. வெயிலுக்கை நிக்குது.”

“ஆர்?”

“சைக்கிள். மதில் நிழல் விலகீட்டுது. போர்க் சீல் காஞ்சு போம்.”

உறுதியை இழுத்து, காட்டிய இடத்தில் சங்கக்கடைக் கையெழுத்தை நீட்டி வளைத்துப் போட்டார். பேனையை வைத்த கையோடு, பாலேஸ்வரியின் மடியில் கிடந்த குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யன்னலுக்கு அந்தப் பக்கம், பதினொரு மணி வெயிலில் வெறுந்தலையோடு நின்று, குடையை விரித்துச் சைக்கிளுக்குப் பிடித்தார்.