கடைசி முழத்தில் அணைந்த நெருப்பு

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் இரண்டாவது லேண்டரும் கவிழ்ந்தது. நிலவில் இறங்கும் கலமான இந்த லேண்டரைச் சோதிக்க, வேதாரண்யத்துக்கு வெளியே கைவிடப்பட்ட உப்பளம் ஒன்றைச் சென்னைக் கம்பெனி குத்தகைக்கு எடுத்திருந்தது. தட்டையாக, வெள்ளையாக இருப்பதால் நிலவு மாதிரி இருக்கிறதாம். நிலவில் சேறு கிடையாது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

எட்டாம் வகுப்போடு நின்று, திருப்பூர், சூரத் என்று சுற்றியவனுக்கு அவர்கள் கொடுத்த பதவி ‘சைட் சப்போர்ட்’. கவிழ்ந்ததைத் தூக்கி நிறுத்த வேண்டும். வேலைக்குப் பஞ்சமில்லை.

இன்ஜினியர் நித்யா மேடம் எனக்கும் புரியும்படி விளக்கினார். நிலவில் காற்று இல்லை, பாராசூட் உதவாது. லேண்டரின் அடியிலுள்ள த்ரஸ்டர் கீழ்நோக்கி நெருப்பை ஊதும். அந்த உதைப்பில் வேகம் குறையும். பூப்போல இறங்க வேண்டும் என்று, கால்கள் தரையில் படும்வரை ஊதவிட்டார்கள். கால் ஊன்ற வேண்டிய இடத்தையே நெருப்பு தோண்டியது. அந்தக் குழிக்குள் லேண்டர் பூப்போலச் சாய்ந்தது.

மேனேஜர் போனில் பேசினார். “மூணாவதும் சாஞ்சா எல்லாரும் கொட்டகையப் பிரிச்சிட்டு வீட்டுக்குக் கெளம்புங்க நித்யா. எறால் வளர்க்கவாவது அந்த நெலம் ஒதவட்டும்.”

மேடம் அன்று சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

“ஒண்ணு சொல்லலாமா மேடம்?”

“சொல்லுங்கண்ணே.”

“திருத்துறைப்பூண்டி கொள்முதல் நிலையத்துல மூட்டை தூக்கினவன் நான். தரை வரைக்கும் புடிச்சிட்டே போயி வச்சா இடுப்பு போயிடும். கடைசி ஒரு மொழம் விட்டுடுவோம். அது பாட்டுக்கு உக்காந்துக்கும்.”

“இது நெல்லு மூட்டை இல்லண்ணே.”

“ஆமா மேடம். நெல்லு மூட்டை கவுந்ததில்ல.”

முறைத்தார். பிறகு லேண்டரின் காலில் இருந்த ஸ்பிரிங்கை அழுத்திப் பார்த்தார். மறுநாள் லேண்டரின் அடியில் ஒரு முழக் கம்பி தொங்கியது. கம்பி தரையைத் தொட்டதும் த்ரஸ்டர் அணைந்துவிடும்.

மூன்றாவது முறை கிரேனிலிருந்து விட்டார்கள். உப்புத் தூசியில் ஒன்றும் தெரியவில்லை. இரைச்சல் நின்றது. தொப்பென்று ஒரு சத்தம். தூசி அடங்கியபோது, டீக்கடை பெஞ்சு மாதிரி லேசாக ஆடி, லேண்டர் நின்றது. நித்யா மேடம் உப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் நேரில் வந்தார். “அண்ணன் எங்க படிச்சீங்க?”

“கொள்முதல் நிலையத்துல சார்.”

அறிக்கையில் அந்தக் கம்பிக்கு அரைப் பக்க நீளத்துக்கு ஆங்கிலப் பெயர் வைத்தார்கள். அடுத்த வாரம், கவிழாத லேண்டரைத் தூக்கி நிறுத்த ஆள் எதற்கு என்று கண்டுபிடித்தார்கள்.

வேலைக்குப் புதிதாகச் சேரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். யோசனை சொல்வதற்கு முன், உங்கள் சம்பளம் எந்தக் கோளாறை நம்பி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது லேண்டரும் சாய்ந்திருந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்போம். நின்றதால் நான் மட்டும் போனேன்.