ஜெயித்தவர் எழுந்திருக்கவும்

ஸ்டெல்லா அக்காவின் சாவுச் செய்தி வந்தபோது நான் ஒரு புதிய கேம் கன்சோலின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மதிப்புரை எழுதுவதற்காக எனக்கு அனுப்பியிருந்தார்கள். ஆடுவதற்கு முன் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, அது திரையில் ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டிருந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து முரளி கூப்பிட்டார். அக்காவின் கேம் சென்டரே கதி என்று ஒரு காலத்தில் கிடந்தவர். இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

"சார், ஸ்டெல்லா அக்கா போய்ட்டாங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தாங்களாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி."

போனை வைத்த பிறகும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த வட்டத்தை வைத்து எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு பழைய கதை உண்டு. அதை ஊரறியச் சரியாகச் சொல்லிவிடுகிறேன் என்று அவரிடம் மூன்று தடவை வாக்குக் கொடுத்தேன். மூன்று தடவையும் சொல்லவில்லை. அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுவது அதற்காகத்தான்.

அறியாதவர்களுக்குச் சில வரிகள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆவதற்குப் பல வருஷம் முன்பு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் அக்கா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினார். டைப் கற்றுக்கொள்ள ஆள் வருவது நின்றதும் மெஷின்களை எடுத்துவிட்டு, அதே மேசைகளில் பழைய டிவிகளை வைத்து கேம் சென்டர் ஆக்கிவிட்டார். ஒரே ஒரு தமிழ் மெஷினை மட்டும் கொடுக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டார். அதில் அடித்துச் சுவரில் ஒட்டிய தாளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்: 'தோற்றவர் உட்காரலாம். ஜெயித்தவர் எழுந்திருக்கவும்.' மற்ற இடங்களில் ஜெயித்தவன் நாற்காலியை விட மாட்டான்; தோற்றவன்தான் எழுந்து அடுத்தவனுக்கு இடம் கொடுக்க வேண்டும். அக்காவின் கடையில் தலைகீழ். புதிதாக வந்தவர்கள் சண்டைக்கு நிற்பார்கள். அவர் தாளைக் கையால் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

நான் அப்போது கன்சோல் விநியோகஸ்தர் ஒருவரிடம் விற்பனைப் பிரதிநிதி. விழுப்புரத்திலிருந்து கடை கடையாக ஏறி இறங்குகிற வேலை. அக்கா என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். நான் அக்கா என்றேன். அவர் கடைசி வரைக்கும் என்னை சார் என்றுதான் கூப்பிட்டார். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

முதல் தடவை போனபோது, கையில் இருந்த கன்சோலைப் பற்றி மூச்சு விடாமல் பேசினேன். அதன் வேகம் என்ன, படத்தின் தெளிவு என்ன என்று எல்லாம் சொல்லி முடித்ததும், "இவ்ளோ பேசறீங்களே சார், ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்க" என்றார். தியாகதுருகத்திலிருந்து வந்திருந்த ஒரு கல்லூரி மாணவன் எதிரில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் ஆகவில்லை, தோற்றுவிட்டேன். ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்து, "பட்டன் கொஞ்சம் லேட்டா வேலை செய்யுது, அதான்" என்றேன். அக்கா சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஆனால் அவர் அதோடு விடவில்லை. பெட்டியைச் சாயங்காலம் வரைக்கும் வைத்துவிட்டுப் போகச் சொல்லி, வந்தவர்களை எல்லாம் ஆட வைத்தார். நான் திரும்பி வந்தபோது பெட்டியைத் தூசி துடைத்துக் கட்டி வைத்திருந்தார்.

"ஒருத்தர் சொன்னா பழமொழி சார். உக்காந்தவங்க அத்தினி பேரும் சொன்னா கூடம் கோணல்தான். இது போவாது."

"எப்படி அக்கா அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"நான் டிவிய பாக்கறதில்ல, தோத்தவங்க மூஞ்சிய பாக்கறேன். 'ச்சே, நான்தான் விட்டுட்டேன், இன்னொரு தபா'ன்னு தன்னையே திட்டிக்கினா அந்த செட்டு நிக்கும். செட்ட திட்டிக்கினு எழுந்தாங்கன்னா, இன்னா படம் காட்டினாலும் நிக்காது. ஜெயிச்சவங்க எப்டியும் நாளைக்கு வருவாங்க. தோத்தவங்க வருவாங்களான்னு பாக்கத்தான் அவங்கள உக்கார வெக்கறது."

டைப்ரைட்டிங் டீச்சருக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு கிளம்பினேன். அடுத்த தீபாவளிக்குள் அந்தக் கன்சோலைக் கம்பெனியே கைகழுவிவிட்டது. என் பேச்சை நம்பி வாங்கிய கடைக்காரர்கள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எந்தப் புதுச் சரக்கு வந்தாலும் முதலில் அக்காவிடம் கொண்டுபோவதை வழக்கமாக்கிக்கொண்டேன். படம் சுமாராக இருந்த ஒரு பெட்டியை, "இது நிக்கும் சார். போட்டதும் ஆட்டம் வருது, ரெண்டு பேரு ஒட்டிக்கினு உக்காரலாம்" என்றார். நின்றது. பார்க்க அரண்மனை மாதிரி இருந்த இன்னொன்றுக்கு, "மூணே மூணு ஆட்டத்த வெச்சிக்கினு எத்தினி நாளு குடும்பம் நடத்தறது?" என்று கேட்டார். கையை ஆட்டி ஆடுகிற ஒன்று வந்து ஊரே கொண்டாடிய நேரத்தில், கொஞ்ச நாளில் அது பரணில் ஏறிவிடும் என்றார். எங்கள் வீட்டிலேயே ஏறியது.

இனி அந்த வட்டத்தின் கதை; நடந்தது வெள்ளிமலையில்.

அக்காவுக்கு உறவான ஒரு கன்னியாஸ்திரி சிஸ்டர் வெள்ளிமலையில் குழந்தைகள் விடுதி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளைங்க டிவி கேம் ஆடினதே இல்லியாம் சார். ஒரு நாளு கொண்டும்போய் ஆட விடலாம்" என்றார் அக்கா. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அப்போதுதான் வந்திருந்த பெரிய கன்சோலை எடுத்துக்கொண்டேன். மலைக் குழந்தைகளோடு போட்டோ எடுத்து அனுப்பினால் மேலிடத்தில் பெயர் கிடைக்கும் என்கிற ஆசையும் இருந்தது. அக்கா ஒரு கட்டைப்பையில் தன் பழைய டிவி கேமையும், இரண்டு ஜாய்ஸ்டிக்கையும், நான்கைந்து கேசட்டையும் போட்டுக் கொண்டுவந்தார். கச்சிராயபாளையத்தில் ஜீப் ஏறும்போது நான் அந்தப் பையைப் பார்த்தேன்.

"இதையெல்லாம் கொண்டுவந்து என் மானத்த வாங்காதீங்க அக்கா."

"கெடந்துட்டுப் போவட்டும் சார். நான் மடியில வெச்சிக்கிறேன்."

நான் கேட்கவில்லை. பையை வாங்கித் தெரிந்த டீக்கடையில் வைத்துவிட்டு வந்தேன்.

விடுதி ஹாலில் குழந்தைகள் தலைவாரி, துவைத்த சட்டை போட்டு, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கன்சோலை டிவியில் மாட்டினேன். முதல் தடவை போடும்போது அதற்கு இன்டர்நெட் வேண்டுமாம். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மலையில் சிக்னல் ஏது? போனைத் தூக்கிக்கொண்டு பாறை பாறையாக ஏறினேன். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி நான் உள்ளே வரும்போதெல்லாம், "எப்ப சார் வரும்?" என்று கேட்டாள். மதியச் சாப்பாடு முடிந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்ததும் ஜீப் டிரைவர் அவசரப்படுத்தினார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா எழுந்து நின்று, குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்டார். என் சார்பில் அவர் கேட்டார். நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

மலை இறங்கும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "படம் நல்லா இருக்குமான்னு ஒரு பிள்ளையும் கேக்கல சார். எப்ப ஆடலாம்னுதான் கேட்டுச்சிங்க." கம்பெனிக்காரன் இப்படிப் பண்ணினால் நான் என்ன செய்வது என்று கத்தினேன். அவர் கச்சிராயபாளையத்தில் தானே இறங்கிப்போய் டீக்கடையிலிருந்து பையை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு நான் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனேன். கேம்களைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். சில கன்சோல்கள் ஏன் தோற்கின்றன என்று நான் எழுதிய கட்டுரைதான் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அது வெள்ளிமலையில்தான் தொடங்கும்: சுற்றும் வட்டம், காத்திருக்கும் குழந்தைகள், கடைசியில் கன்சோலுக்கு நல்ல அடி. கட்டைப்பையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது. தோற்றவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்கிற அக்காவின் அறிவு, 'ஒரு சிறிய கடைக்காரர் ஒருமுறை சொன்னதுபோல' என்று ஒரு வரியில் வந்துபோகும். அதற்கப்புறம் அது என் தத்துவமாகிவிடும். கட்டுரை புத்தகத்தில் ஒரு அத்தியாயம் ஆனது. கல்லூரிகளில் அதையே பேசிக் கைதட்டு வாங்கினேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது வருஷக்கணக்கில் ஓடிவிட்டது.

கட்டுரை முதலில் வந்த பத்திரிகையை நானே நேரில் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். அக்கா அப்போது ஜெராக்ஸ் எடுப்பதும் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருவதுமாக இருந்தார். மூலையில் ஒரு டிவியும் இரண்டு நாற்காலியும் மட்டும் மிச்சம். டீச்சர் கண்ணாயிற்றே, பேனாவை எடுத்து இரண்டு எழுத்துப் பிழைகளைச் சுழித்துக்கொண்டே முழுவதையும் படித்தார்.

"நல்லா எழுதிக்கிறீங்க சார். ஒரு எடத்துல தப்பு."

"உங்க பேரைப் போட்டிருக்கணும் அக்கா, நான்தான்..."

"பேரு கெடக்குது. அன்னிக்கு வெள்ளிமலைல கூடம் கோணல் இல்ல சார். அடுத்த தபா எழுதும்போது மாத்திடுங்க."

மாற்றுகிறேன் என்றேன். புத்தகம் வந்தபோது போனில் கேட்டார். கட்டாயம் மாற்றுகிறேன் என்றேன். போன வருஷம் தியாகதுருகத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "மாத்திட்டீங்களா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். புதுப் பதிப்பு வருகிறது, அதில் மாற்றிவிடுகிறேன் என்றேன். பதிப்பும் வந்தது. அவர் சுழித்த இரண்டு எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தியிருந்தேன்.

நான் கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. முரளி என்னை அக்காவின் வீட்டுக்கு அழைத்துப்போனார். கடையாக இருந்த முன்னறையில் கூட்டம். அந்த இரண்டு நாற்காலிகளில் யாரும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு இளம்பெண் என்னிடம் வந்தாள்.

"நீங்கதான கேம் சாரு? நான் வெள்ளிமலை விடுதில படிச்சவ சார். இப்ப இங்கதான் ஒரு ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன்."

எனக்குத் தலை நிமிரவில்லை. "அன்னிக்கு உங்களையெல்லாம் ஏமாத்திட்டேன்மா" என்றேன்.

"ஏமாத்தினீங்களா? அடுத்த வாரமே அக்கா வந்தாங்களே சார். பஸ்ல, கட்டைப்பைய தூக்கிக்கினு. நாளு பூரா ஆட விட்டாங்க. எங்களுக்கும் அதே சட்டந்தான், தோத்தவங்க உக்காரணும். நான் எழுந்திரிக்கவே இல்ல சார்." சிரிக்கப் போனவள் அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னாள். "நீங்கதான் குடுத்து அனுப்பினீங்கன்னு சொன்னாங்க. சாருக்கு மனசு கேக்கல, அதான் குடுத்து அனுப்பிக்கிறாருன்னு. சிஸ்டர் எங்கள உங்களுக்காக ஜெபம் பண்ண வெச்சாங்க."

அக்கா இதை என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. நான் அவர் சொன்னதை என் பெயரில் எழுதிக்கொண்டிருந்த வருஷங்களில் எல்லாம், அவர் செய்தது மலையில் என் பெயரில் இருந்திருக்கிறது. அந்த அறையில் அத்தனை பேர் நடுவில் எனக்கு அவமானமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஆகவே திருத்தம். அன்று வெள்ளிமலையில் குழந்தைகள் ஆட முடியாமல் போனதற்குக் காரணம் கன்சோல் அல்ல. ஆடக்கூடிய ஒன்றை டீக்கடையில் வைத்துவிட்டுப் போனது நான். சில கன்சோல்கள் ஏன் தோற்கின்றன, சில ஏன் நிற்கின்றன என்று நான் எழுதியவற்றில் உருப்படியானது எல்லாம் ஸ்டெல்லா அக்கா சொன்னது. வேகம், தெளிவு என்று மிச்சம் இருப்பது என் சொந்தச் சரக்கு.

கிளம்பும்போது அக்காவின் தம்பியிடம் கேட்டு, சுவரில் இருந்த தாளை வாங்கிவந்தேன். பழுப்பேறி, ஓரங்களில் டேப் கறையோடு இப்போது என் டிவிக்கு மேலே இருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதன் சட்டப்படி ஜெயித்தவர் எழுந்து போய்விட்டார். தோற்றவன் உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தடவை நான் செட்டைத் திட்டவில்லை அக்கா. நான்தான் விட்டுட்டேன். இன்னொரு தபா என்று கேட்க வாய் வருகிறது. யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.