ஆம்ஸல் ஐந்து

“ஆம்ஸல் ஃப்யூன்ஃப்... ஆம்ஸல் ஃப்யூன்ஃப்...”

உள்ளறையிலிருந்து குரல் வந்ததும் அடுக்களையில் விஜயா ரசத்தை இறக்கி வைத்தாள். அடுப்பு ஊதுகிற மாதிரி இது என்ன பாஷையோ என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

வங்காளிப் பேட்டையான லேக் கார்டன்ஸில், இரண்டாம் மாடி வீட்டில் காலை பதினோரு மணி ஆனால் ரங்கராஜன் இப்படித்தான் ஆரம்பிப்பார். போர்க்காலத்து ஜெர்மன் சண்டை விமானிகள் வானொலியில் ஒருவரையொருவர் சொந்தப் பெயரால் அழைக்கவில்லை. படைப்பிரிவுக்கு ஒரு பறவையின் பெயர் இருக்கும். ஆளுக்கு ஓர் எண். ஆம்ஸல் என்பது ஒரு கரிய பாட்டுப் பறவை, ஃப்யூன்ஃப் என்றால் ஐந்து. அந்த அழைப்புப் பெயர்களைத்தான் பதினோரு வருஷமாக ஒரு நீள நோட்டில் சேர்க்கிறார். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் எதையும் எழுதமாட்டார். எழுதுவதும் பென்சிலில்தான், தப்பென்றால் அழிக்க வேண்டுமே. பேசும்போது மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கையில் பிடித்து விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்வார். விரலை எடுத்தால்தான் எதிராளி பேசலாம். ரயில் யார்டில் முப்பது வருஷம் வாக்கி டாக்கி பிடித்த கை அது.

“ஹிட்லர் பட்டாளத்துக்கு நீங்க எதுக்கு அட்டென்டன்ஸ் எடுக்கறேள்?” என்று விஜயா கேட்காத நாளில்லை.

“நம்பருக்குப் பின்னாடி ஆள் யாருன்னு பாக்கறேன், விஜி.”

அது அவளுக்குப் புரியும். யார்டில் அவர் ‘மூணு’. முந்தைய ஷிப்டில் அதே எண்ணில் பேசியவர் கொடுத்த தப்பான உத்தரவுக்கு இவர் பேரில் குற்றப்பத்திரிகை வந்தது. தான் இல்லை என்று நிரூபிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த இரண்டு வருஷமும் மனிதர் வீட்டில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

இன்று அந்த ஒரே பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெர்மனியின் பிரேமன் நகரத்தில் எண்பத்தொரு வயது எர்னா இவர் பதிலுக்குக் காத்திருக்கிறாள். பிப்ரவரியிலிருந்தே ஆம்ஸல் ஐந்து அவள் அப்பா. ‘மார்ச் பதினான்கு. ஐந்து என்னை மேகத்துக்குள் விட்டுவிட்டு ஓடிப்போனான்’ என்று கூடப் பறந்தவரின் டைரியில் இருக்கிறது. அப்பாவை அவள் பார்த்ததே இல்லை. கோழையின் மகள் என்ற சொல்லோடுதான் வளர்ந்தாள்.

மாடிவீட்டு மஹிமா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளறைக்குப் போனாள். ஜெர்மன் கற்பிக்கும் டீச்சர். யாரோ அனுப்பிய அந்தப் படைப்பிரிவின் பதிவுத்தாளை, கிறுக்கல் கையெழுத்தோடு ஒரு வாரமாகப் போராடிப் படித்துக்கொண்டிருந்தவள்.

“கடைசி ரெண்டு வரியும் படிச்சுட்டேன், மாமா. மார்ச் ஒன்பது: அஞ்சு, ஆஸ்பத்திரிக்கு. மார்ச் பதினொண்ணு: அஞ்சு, புது ஆள்.”

கட்டைவிரல் கூட்டின்மேல் அழுந்தியது. விஜயா கரண்டியோடு நிலைப்படியில் வந்து நின்றாள்.

“ஓடினது அவ அப்பா இல்லை,” என்றார் ரங்கராஜன். “அவர் கட்டில்ல படுத்துண்டிருந்திருக்கார். நம்பர் மட்டும்தான் பறந்திருக்கு.”

“ஷொத்தி? நிஜமாவா, மாமா?” என்ற மஹிமாவுக்கும் கண் கலங்கிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து எர்னாவுக்கு ஜெர்மனில் ஈமெயில் எழுதி அனுப்பினாள். “அங்க இப்பதான் விடியறது. எழுந்ததும் இதைத்தான் படிப்பா.”

“ஓடினவன் எந்தப் பாவியோ,” என்றாள் விஜயா. ரங்கராஜன் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மஹிமாவை வழியனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு விஜயா திரும்பினாள். அவர் கையில் பேனா இருந்தது. ஐந்துக்கு நேரே எர்னாவின் அப்பா பெயரை மையில் எழுதினார். பிறகு அதற்குக் கீழே இன்னொரு ஐந்து போட்டு, பக்கத்தில் ஒரு பெயருக்கு இடம் விட்டு வைத்தார்.